ஏழு நாட்டுத் தொட்டி

எங்கள் கடையில் ஆறு வருடமாக விலை போகாத பொருள் ஒன்று இருந்தது. அதை விற்க வேண்டியவர் ஒருவரும் இருந்தார். பொருள், ஆறு பேர் உட்காரக்கூடிய ஒரு ஹாட் டப். ஆள், இக்னேஷியஸ்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இருக்கிறது சரசா சானிட்டரிஸ். வாஷ்பேசின், கமோடு, குழாய், கீசர் என்று குளியலறைக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஹாட் டப் யாருக்கும் வேண்டியதில்லை. அது குளிப்பதற்கான தொட்டி அல்ல. குளித்துவிட்டு வந்து சும்மா உட்காருவதற்கான தொட்டி. மார்பளவு வெந்நீரில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தால், சுற்றியுள்ள துளைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு முதுகைப் பிடித்துவிடும். வருடத்தில் பாதி நாள் மேல்தொட்டித் தண்ணீரே வெந்நீராக வரும் ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்று பெரிய முதலாளி யோசிக்கவில்லை. ஏதோ கண்காட்சியில் பார்த்து மயங்கி வாங்கிப்போட்டுவிட்டார். இப்போது அவர் கடைக்கு வருவதில்லை. மகன் ராகேஷ்தான் எல்லாம்.

நான் ஜோதிகா. பில் போடுகிறேன். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பி.காம். முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா திருமழிசையில் ஒரு கம்பெனியில் லாரியில் பெட்டி ஏற்றுகிறார். இந்த வேலை தற்காலிகம் என்று வீட்டில் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மேஜையிலிருந்து நிமிர்ந்தால் நேரே தெரிவது அந்தத் தொட்டி. அதனால் இக்னேஷியஸ் அண்ணன் அதை விற்க முடியாமல் போன ஒவ்வொரு முறையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. அப்பா வயதுக்காரர்தான், ஆனால் கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். ராகேஷுக்கு மட்டும் அங்கிள். குள்ளமான உருவம், சட்டைப்பையில் ஒரு பேனா, அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் குழாய்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தார். நெஞ்சில் புகை சேர்ந்ததும் டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொல்ல, சரசா சானிட்டரிஸுக்கு வந்தார். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பேசுவதுதான் அவருடைய தொழில், பொழுதுபோக்கு, ஓய்வு எல்லாமே. ஒரு வால்வு வாங்க வந்தவர் அவரிடம் தன் மச்சினன் கல்யாணம் நின்ற கதையைச் சொல்லிவிட்டுப் போவார். மறுமாதம் வந்து அது திரும்ப நிச்சயமான கதையைச் சொல்லுவார். நடுவில் ஒரு கீசரும் வாங்கியிருப்பார்.

எல்லாவற்றையும் விற்பார். ஹாட் டப்பை மட்டும் விற்க வராது. அதற்குக் காரணம், அவர் பொய் சொல்லமாட்டார். எல்லா விஷயத்திலும் இல்லை. "இந்த மாடல் போய்க்கினே கீது சார், நேத்து மூணு போச்சு" என்று கண் சிமிட்டாமல் சொல்வார். எந்த நாட்டில் செய்தது என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பொய் வராது.

அதற்கு ஒரு கதை உண்டு, அவரே சொன்னது. கடைக்கு வந்த இரண்டாம் வருடம், அவருடைய பங்குக் கோயிலின் சாமியார் வீட்டுக்கு ஒரு கீசர் விற்றார். ஜெர்மனி சரக்கு என்று சொல்லி விற்றார். அது டெல்லிக்குப் பக்கத்தில் எங்கோ செய்தது. உள்ளேயிருந்த கம்பி மூன்றாம் மாதம் போய்விட்டது. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வழக்கமான பாவங்களையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல், ஒரு குருவானவருக்குப் பொய் சொல்லி கீசர் விற்றேன் என்றார். குரு உட்கார்ந்திருந்த தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "அது எங்க ஊட்டுக் கீசர்தானே" என்று கேட்டது. அபராதமாக ஒரு ஜெபமாலையும், திங்கட்கிழமை காலை வந்து கம்பி மாற்றித் தருவதும் விதிக்கப்பட்டன. சாமியார் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்திருந்தார். அன்றிலிருந்து யார் நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அண்ணன் உண்மையைத்தான் சொல்வார், அதுவும் தேவைக்கு மேல்.

ஹாட் டப் விஷயத்தில் உண்மை நீளமானது. தொட்டியின் முன்பக்கம் இத்தாலியக் கொடியின் மூன்று நிறங்களில் ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, உறுதிப்படுத்திக்கொள்ள, "இத்தாலிதானே?" என்று கேட்பார்கள். அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். ஒரு முறை எலி ஒயரைக் கடித்ததால் தொட்டியின் பக்கப் பலகைகளைக் கழற்றி உள்ளே தலையை விட்டுப் பார்த்தவர், ஒவ்வொரு பாகத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, பலகையின் உள்பக்கம் பென்சிலால் பட்டியல் போட்டு வைத்திருந்தார். அக்ரிலிக் தகடு அமெரிக்கா. அதைச் சூடாக்கித் தொட்டியாக வார்த்தது குஜராத். பம்ப்பும் ஹீட்டரும் சீனா. தண்ணீர் பீறிடும் துளைகள் தைவான். சுவிட்சுப் பெட்டி மெக்சிகோ. கீழே தாங்கும் மரச்சட்டம் மலேசியா. பெயர் மட்டும் இத்தாலி.

திருமழிசைப் பக்கம் பண்ணை வீடு கட்டிய ஒருவர் இந்தப் பட்டியலில் மெக்சிகோ வரைக்கும் கேட்டுவிட்டு, போன் வருகிறது என்று வெளியே போனவர் வரவேயில்லை. அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி டெக்சாஸில் இருக்கும் மகனை வீடியோவில் அழைத்தார்கள். மகன் அங்கிருந்து ஆங்கிலத்தில் தொட்டியைத் திருப்பிக் காட்டச் சொன்னான். நானூறு கிலோ எடையை எப்படித் திருப்புவது என்று அண்ணன் பணிவாகக் கேட்டார். அதற்குள் அவர் பலகையைக் கழற்றிவிட்டிருந்ததால், மகன் பார்த்தது சீன எழுத்து ஒட்டிய பம்ப்பை. போன் வைக்கப்பட்டது.

நாடு நிஜமாகவே முக்கியமா என்று நானும் ஒரு மதியம் இணையத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கடைகள் அமெரிக்கத் தொட்டிதான் உழைக்கும் என்றன. ஐரோப்பியக் கடைகள் ஐரோப்பாவைச் சொன்னன. சீனக் கம்பெனிகள் நாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தரம் என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னன. மற்ற எல்லோரும் தாங்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த நாடுதான் நல்லது என்றார்கள். இதையெல்லாம் படித்த என் போன் எந்த நாட்டில் செய்தது என்று திருப்பிப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரில் செய்தது. பெயர் மட்டும் வேறு நாடு.

ஜூன் மாதம் ராகேஷ் என்னைக் கூப்பிட்டார். அடுத்து யாராவது கேட்டால் அங்கிளுக்கு முன்னால் நீ முந்திக்கொண்டு இத்தாலி என்று சொல்லிவிடு, நீ படித்த பெண், நம்புவார்கள் என்றார். அந்த வாரமே வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள். நான் எழுந்து போய், "யெஸ் மேம், இம்போர்ட்டட் ஃப்ரம் இட்டலி" என்றேன். அவ்வளவு சரளமாக ஆங்கிலம் எனக்கு அதுவரை எந்த இன்டர்வியூவிலும் வந்ததில்லை. அதை நினைத்து இரண்டு நாள் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. டாக்டரம்மா முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற அண்ணனிடம், அப்படியா என்று சும்மா கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவும் அவருக்கு மனசில்லை. கடைசியில், "சட்டம் மட்டும் மலேசியாங்க" என்றார். பாதி உண்மையாவது சொன்ன திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சட்டத்தில் தொடங்கிய கேள்வி பத்து நிமிடத்தில் மெக்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று ராகேஷ் அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் தொட்டி போகவேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் மாடுலர் ஷவர் வைக்கப்போகிறார்; தொட்டியும் அங்கிளும் குத்தம்பாக்கத்தில் சரக்கு வைத்திருக்கும் கோடவுனுக்குப் போகலாம். சம்பளம் அதே சம்பளம், வேலை குறைவு, உட்கார்ந்துகொண்டே இருக்கலாம் என்று அன்பாகவே சொன்னார்.

அண்ணன் வெளியே வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"கோடவுன்ல யார் கீறாங்க ஜோதிகா?" என்றார். "ஒரு வாட்ச்மேன். அவனுக்கும் காது கேக்காது. மீதி எல்லாம் கமோடு. நான் காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் யாராண்ட பேசறது?"

சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. சம்பளத்தைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த நான்கு வாரத்தில் தொட்டியைக் கேட்டு இரண்டே பேர் வந்தார்கள். ஒருவர் மீன் வளர்க்கலாமா என்று கேட்டார்.

ஜூலை கடைசி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் மூன்று பேர். அயனம்பாக்கத்தில் ஒரு சின்ன சபையை நடத்தும் பாஸ்டர் ஜீவா, சபையின் செயலாளர் எவாஞ்சலின் அம்மா, கூடவே வீராசாமி. வீராசாமி லாரி பாடி கட்டுகிறவர், நூற்றுப் பதினெட்டுக் கிலோ. அவரை எதற்கு அழைத்துவந்தார்கள் என்று பிறகுதான் புரிந்தது.

அவர்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையில் தண்ணீர் தெளிப்பது அல்ல. பெரியவர்களாகி, தானாக மனமுவந்து வந்து, ஒரு முடிகூட வெளியே தெரியாமல் முழுசாக முங்கி எழவேண்டும். ஒரு காலத்தில் ஏரியில் செய்தார்கள். சுற்றிலும் வீடுகள் வந்து தண்ணீர் கெட்ட பிறகு, ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து வைத்துக்கொண்டார்கள். போன மார்கழியில் ஒரு சகோதரர் அதில் மாட்டிக்கொண்டு, அவரை எடுக்கத் தொட்டியை மறுபடி அறுக்கவேண்டியதாயிற்று. அதைப் பார்த்ததிலிருந்து வீராசாமி தன் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். குளிரும் ஒரு காரணம். வெந்நீர் வருகிற, அகலமான, படி வைத்த தொட்டி வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. யாருடைய மகனோ இணையத்தில் ஹாட் டப்பைக் காட்டியிருக்கிறான்.

முதல் கேள்வியை வீராசாமியே கேட்டார்.

"அண்ணாத்தே, இது எந்த ஊரு மாலு? இஸ்ரேல்ல செஞ்சது எதுனா கீதா?"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ராகேஷ் என்னைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினார். நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன். அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. எழுந்துபோக எனக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

எவாஞ்சலின் அம்மா கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே சரக்கு வாங்க என்ன படிவமோ அதேதான் சபைக்கும். ஜமக்காளம் வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு அதில் எழுதவேண்டும். ஒரு முறை பொத்தான் பெட்டிமேல் ஒரு நாடும் பொத்தான்மேல் இன்னொரு நாடும் எழுதியிருந்ததற்காக லாரியோடு திருப்பி அனுப்பியவர் அவர் என்று பாஸ்டர் பெருமையாகச் சொன்னார். படிவத்தில் ஆறாவது வரி, உற்பத்தி நாடு. மற்ற இரண்டு கடைகளில் ஒருவர் இத்தாலி என்றும் இன்னொருவர் ஜெர்மனி என்றும் உடனே சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாகத் தாள் கேட்டால் விளம்பரப் படம் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் பட்டியலைச் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். வரி போதவில்லை. ஓரத்தில் ஏறி, படிவத்தின் தலைக்கு மேல் போய், மலேசியாவைப் பின்பக்கம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது, ஒவ்வொன்றாகக் காட்டுங்கள் என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அண்ணனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான்கு பக்கப் பலகைகளும் கழன்றன. இருவரும் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, பம்ப்பின் முதுகில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ராகேஷ் அறையிலிருந்து வெளியே வந்து, கடை நடுவில் ஹாட் டப் எலும்புக்கூடாக நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

வீராசாமிக்குத்தான் மனக்குறை. ஏழு நாடு இருக்கிறது, ஆண்டவர் பிறந்த அந்த ஒரு நாடு மட்டும் இல்லையே என்றார். பாஸ்டர் தொட்டியின் விளிம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"எல்லா தேசத்தாரையும் கூப்பிடுன்னுதான் நமக்குச் சொல்லியிருக்கு பிரதர். தேசத்தார் நம்ம சபைக்கு வர்றதக் காணோம். தொட்டியாவது வரட்டும்."

அம்மா அதையும் படிவத்தில் குறித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம்.

பிறகு ஒத்திகை. தொட்டிக்குள் சுற்றிலும் இருக்கைகள் வார்க்கப்பட்டிருப்பதால், நடுவில் கால் வைக்கும் பள்ளத்தில்தான் ஆளைச் சாய்க்கவேண்டும். மூக்கு தண்ணீருக்குள் போகுமா என்று பார்க்கவேண்டும். தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்குமோ அங்கே அம்மா ஒரு நூலைக் கட்டினார், ஒரு முனை டவல் கம்பியில், மறுமுனை ஷவர் ஸ்டாண்டில். வீராசாமி இறங்க மறுத்துவிட்டார். முங்குவது ஒரே தபா, அதுக்கு ரிகர்சல் கிடையாது என்றார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். பாஸ்டர் பள்ளத்தில் நின்றுகொண்டு ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கி, இன்னொரு கையால் மூக்கைப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். டைல்ஸ் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் ஓரமாக வந்து நின்றன. பல வருடப் பழக்கம். ஆளைச் சாய்த்ததும் பாஸ்டரின் கண் தானாக மூடிக்கொண்டது, ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்ல வாய் தானாகத் திறந்தது.

அண்ணன் மூக்கைப் பிடித்த கையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பாஸ்டர், வார்த்தை சொல்லாதீங்க. எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சி. நாப்பது நாள் கொழந்தையா கீறப்பவே, அம்பத்தூர்ல."

"அது தெளிச்சதுதானே பிரதர்," என்றார் பாஸ்டர். குரலில் கொஞ்சம் குறும்பு இருந்தது.

"தெளிச்சதோ ஊத்தினதோ, அம்பத்தாறு வருஷம் கியாரண்டி நின்னிருக்குது. ரெண்டாவது தபான்னு லூர்தம்மா கேள்விப்பட்டா, ஊட்டுக்கு வராத, அந்தத் தொட்டியிலயே குடித்தனம் பண்ணுன்னு சொல்லிடுவா."

லூர்தம்மாள் அவர் மனைவி. கோயிலில் மாதா சபைத் தலைவி. பாஸ்டர் சிரித்து, வாயை மூடிக்கொண்டே இன்னொரு முறை சாய்த்தார். அம்மா குனிந்து நூலைப் பார்த்தார். மூக்கு நூலுக்குக் கீழே நான்கு விரற்கடை போயிருந்தது. பாஸ் என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசியா ஒண்ணு. இவ்ளோ நேரம் எந்த நாடு, எந்த நாடுன்னு பாத்தோம். நீங்க சொல்லுங்க, நாடு முக்கியமா இல்லையா?"

அண்ணன் தொட்டிக்குள்ளேயே ஓர் இருக்கையில் உட்கார்ந்து யோசித்தார். முக்கியம்தான் என்றார். தொட்டி இங்கே ஓடுகிற கரண்டுக்குச் செய்ததாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் அவர்கள் ஊருக்கென்று செய்ததை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் பம்ப் தாங்காது. இது நம் கரண்டுக்குச் செய்ததுதான், அவர் பார்த்துவிட்டார். மற்றபடி நம் போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு எந்த நாட்டு ஹீட்டரும் ஒன்றுதான், லாரித் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். அப்புறம் கெட்டுப்போனால் பாகம் கிடைக்கவேண்டும், கழற்றத் தெரிந்த ஆள் வரவேண்டும். அதுதான் மீதி எல்லாம்.

"யாரு வருவா?"

"நான்தான்."

"நீங்க இங்கயே இருப்பீங்கல்ல?"

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இது நாட்டைப் பற்றிய கேள்விகூட இல்லை. நான் மேஜையிலிருந்து மனதுக்குள் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று காலையிலிருந்து உண்மையே பேசிக்கொண்டிருந்ததில் அவருக்கு நாக்கு அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

"தெரியலம்மா," என்றார். "இது வித்தா இங்க இருப்பேன்னு வச்சிக்கலாம். ஆனா முதலாளி வாயால அப்டி சொல்லல. விக்கலன்னா கோடவுன்னு மட்டும்தான் சொன்னாரு."

அம்மா படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். விற்பனை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் நேராக ராகேஷின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

சர்வீசுக்குக் கம்பெனியிலிருந்து நல்ல டெக்னீஷியன் அனுப்புவோம் என்றார் ராகேஷ். பெயர் என்ன என்று அம்மா கேட்டார். யாராவது ஒருவர் என்றார் ராகேஷ். யாராவது ஒருவர் என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை என்றார் அம்மா. பிறகு அவரே பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவது வரியில் எழுதினார்: மூன்று வருடத்துக்குப் பழுது பார்ப்பவர் திரு. இக்னேஷியஸ்; பணியிடம் பூந்தமல்லி ஷோரூம்; சபையின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இவரை இடம் மாற்றக்கூடாது.

ராகேஷ் அந்த வரியை மூன்று முறை படித்தார். இப்படி ஒரு கையெழுத்து எங்கள் குடும்பத்தில் யாரும் போட்டதில்லை ஆன்ட்டி என்றார். அம்மா காத்திருந்தார். ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் காத்திருந்து பழகியவர். கண்ணாடி வழியாக ராகேஷ் அந்தத் தொட்டியைப் பார்த்தார். உள்ளே இன்னும் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் எழுந்துவர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கால் மரத்துப்போனதுதான் காரணம் என்று சொன்னார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து அயனம்பாக்கத்தில் அந்தத் தொட்டியில் முதல் ஞானஸ்நானம் நடந்தது. ஒன்பது பேர். விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு, அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு போய் நின்றார். என்னையும் வரச் சொன்னதால் நானும் போயிருந்தேன். லூர்தம்மாளும் வந்திருந்தார், கணவரைத் தண்ணீருக்கு ஆறடி தூரத்தில் நிறுத்தி வைப்பதற்காக. தண்ணீரின் சூடு முப்பத்தாறு டிகிரி. வீராசாமி வெள்ளை வேட்டியோடு முதல் ஆளாக இறங்கினார். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து முன்வரிசையை நனைத்தது. பாஸ்டர் சாய்த்தார். முங்கினார், எழுந்தார், எல்லோரும் பாடினார்கள். பாட்டு முடிந்தும் வீராசாமி வெளியே வரவில்லை. ஓர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பாஸ்டர் மெதுவாகத் தோளைத் தொட்டார்.

"ரெண்டு நிமிஷம் பாஸ்டர்," என்றார் வீராசாமி. "முதுகாண்ட நல்லா கீது."

மற்ற எட்டுப் பேரும் வெள்ளை உடையில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே யோசனைதான் ஓடியிருக்கவேண்டும். அன்றைய ஆராதனை மதியம் இரண்டு மணிக்குத்தான் முடிந்தது.

நான் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறேன், வேறு இடங்களுக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தொட்டி இருந்த இடத்தில் மாடுலர் ஷவர் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் நின்று அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார். போன மாதம் குத்தம்பாக்கம் கோடவுனில் வருடக் கணக்கெடுப்பு வந்தது. சரக்கு எது எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்குத்தான் தெரியும். ராகேஷ் பன்னிரண்டாவது வரியை எடுத்துப் படித்துவிட்டு, எவாஞ்சலின் அம்மாவுக்குப் போன் செய்து, இரண்டே நாளுக்கு அங்கிளைக் கோடவுனுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். எழுத்தில் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறேன் என்றார் அம்மா. கமிட்டி எப்போது கூடும் என்று ராகேஷ் கேட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை; அது முந்தின நாள்தான் போயிருந்தது.

அந்தக் கமோடுகளை ராகேஷும் நானும்தான் எண்ணினோம். வாட்ச்மேனுக்கு நிஜமாகவே காது கேட்கவில்லை.